திரை வரையாதவள்

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்காலையின் கணினி அறையில் நானும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். உலை, எடைமேடை, கிடங்கு என்று அங்கங்கே ஆட்கள் தொட்டு இயக்கும் கணினித் திரைகளைச் செய்துகொடுப்பது எங்கள் வேலை. நான் ஒவ்வொரு திரையையும் என் கையாலேயே வரைவேன். அவள் திரையே வரையமாட்டாள். அந்த இடத்தில் ஆள் என்ன வேலை செய்கிறார் என்பதை மட்டும் ஒரு மாடலாக எழுதுவாள். அதைத் திரையாக மாற்றும் விதிகளைத் தனியே எழுதுவாள். மீதியைக் கணினி பார்த்துக்கொள்ளும். எம்.இ. படிப்பில் கற்றுவந்தாளாம்.

ஒருநாள் உலை ஆபரேட்டர் வந்து நின்றார். "கிளவுஸ் போட்டுக்கினு எப்டி மேடம் அமுக்கறது? பட்டன பெர்சா போட்டுக் குடுங்க."

என் பங்குத் திரைகளைத் திருத்த எனக்கு ஒரு வாரம் போயிற்று. அவள் ஒரு விதியை மாற்றிவிட்டு டீ குடிக்கப் போனாள். வந்து பார்த்தால் அவளுடைய எல்லாத் திரைகளிலும் பட்டன்கள் பெருத்திருந்தன.

"இனிமே எல்லாத்தையும் அவங்க வழியிலயே பண்ணிடுங்க" என்றார் மேலாளர், என் எதிரிலேயே.

அன்று வீடு திரும்பும் ரயிலில் அவள் பக்கத்தில் உட்காராமல் பெட்டியின் மறுகோடிக்குப் போனேன். வயிறு எரிந்தது. அவளுடைய விதிகள் எங்காவது கவிழ வேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்டேன்.

கவிழவும் செய்தன. அவை போட்டுக்கொடுத்த உலைத் திரை ஆபரேட்டருக்குப் பிடிக்கவில்லை. "சூடு காட்றது ஒரு மூலைல கீது, நிறுத்துற பட்டன் இன்னொரு மூலைல கீது. பழசே தேவல."

பழையது நான் வரைந்தது. உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன்.

அவள் முகம் வாடவில்லை. நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். "இது ரெண்டையும் ஏன்டி பக்கத்துல வச்ச?"

"சூடு ஏறுறப்ப கண்ணும் கையும் ஒரே இடத்துல இருக்கணும்" என்றேன்.

அந்த வாரமே விதிகளைத் தளர்த்தினாள். ஒருவர் கையால் திருத்திய இடத்தை, விதிகள் எத்தனை முறை ஓடினாலும் இனி தொடாது. "உன் திரை அப்படியே இருக்கும்" என்றாள்.

அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை. தோற்றிருந்தால் மன்னித்திருப்பேன். என் கைக்கும் தன் விதிகளுக்குள் இடம் ஒதுக்கிக் கொடுக்கிறாளே, அவ்வளவு பெரிய மனசு எனக்கு ஏன் வரவில்லை?

அடுத்த வருடம் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். அவளுடைய விதிகள் என் பொறுப்புக்கு வந்தன. படிக்கப் படிக்க, எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறாள் என்று தெரிந்தது. பொறாமை வளர்ந்ததே தவிரக் குறையவில்லை. கிடங்குக்குப் புதிய திரை கேட்டபோது ஓரிடத்தில் சிக்கிக்கொண்டேன். போன் போட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பாள். போடவில்லை. நாள்கணக்கில் தனியாக மோதி, என் முதல் விதியை ஓடவைத்தேன்.