வற்றம் காலையில் வந்தால்

எங்கள் ஊர்ப் பள்ளியில் இன்று யார் வரவில்லை என்று தெரிந்துகொள்ள வகுப்புக்குள் எட்டிப் பார்க்க வேண்டாம், கடலைப் பார்த்தாலே போதும். கடல் உள்வாங்குகிற வற்றம் காலையில் வந்தால் கடைசி பெஞ்சு காலி. அந்தச் சேற்றில் இறங்கி மட்டிச் சிப்பி தோண்டி விற்றால் கையில் காசு, அல்ஜீப்ரா போட்டால் தலைவலி. மேய்ன் மாநிலத்தின் இந்தக் கிழக்கு மூலையில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

லோரீன் ஆலிக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடிப்பிடித்துக் கூட்டி வருவது அவள் வேலை. அவளே ஒரு காலத்தில் கட் அடித்துச் சேற்றில் நின்றவள்தான். மூன்று பிள்ளை பெற்ற பிறகு மாலை வகுப்புக்குப் போய்ப் படிப்பை முடித்தாள். பாம்பின் கால் பாம்பறியும். அவள் மேசைக்கு மேல் பள்ளி நாட்காட்டி கிடையாது. தூண்டில் கடையில் சும்மா கொடுக்கிற ஏற்ற வற்ற அட்டவணைதான் தொங்கும். காலையில் அதை ஒரு பார்வை பார்ப்பாள், தொடைவரை வரும் ரப்பர் பூட்ஸை மாட்டுவாள், கிளம்பிவிடுவாள். சேற்றில் குனிந்திருக்கிற பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, "எவ்வளவு ஆழமா தோண்டினாலும் கணக்குப் பரீட்சை கெடைக்காது கண்ணு, வண்டியில ஏறு" என்பாள். திட்டமாட்டாள். ஒரு டோனட்டைக் கையில் திணிப்பாள். அந்த டோனட் என் அடுப்படியில் சுட்டது. பேர் மட்டும் அவளுக்கு. பள்ளிச் சமையற்காரியான எனக்கு இதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு, ஒளிப்பானேன்?

அந்த மார்ச்சில் டார்சி வராமல் போனாள். பன்னிரண்டாம் வகுப்பு, நன்றாகப் படிக்கிற பெண். அவள் வராத காலைகள் அட்டவணையோடு அச்சாகப் பொருந்தின. தலைமையாசிரியர் வின்ஷிப் பாஸ்டனிலிருந்து வந்தவர், சட்டம் என்றால் சட்டம். இன்னும் ஒரு வாரம் இப்படிப் போனால் அவளுக்கு இந்த வருஷம் கிடையாது என்று சொல்லிவிட்டார். இங்கே கடைசி வருஷத்தைத் திரும்பப் படிக்க வந்த பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. போனால் போனதுதான்.

அன்று அடுப்பு பழுது, பிள்ளைகளுக்கு சாண்ட்விச்தான். அதைச் சீக்கிரமே முடித்துவிட்டு லோரீனோடு வண்டியில் ஏறிக்கொண்டேன். படிக்கிற பெண்ணுக்கு மட்டிமேல் என்ன திடீர் ஆசை என்று எனக்கு மண்டை குடைந்தது.

சேற்றில் டார்சியின் சிவப்புச் சட்டை தூரத்திலேயே தெரிந்தது. லோரீன் பின்னால் போய் நின்று வழக்கமான வசனத்தைச் சொன்னாள். குனிந்திருந்தவள் நிமிர்ந்தாள். டார்சியின் அம்மா கிம்!

"எனக்கு இன்னும் கணக்குப் பரீட்சை பாக்கி இருக்கா லோரீன்?"

"சட்டையப் பாத்து ஏமாந்துட்டேன். பொண்ணு எங்க?"

"ஸ்கூல்ல. வேற எங்க இருப்பா?" என்றாள் கிம். ஆனால் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, மறுபடி குனிந்துகொண்டாள்.

லோரீன் வண்டியை அவர்கள் வீட்டுக்கு விட்டாள். டார்சி கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள். உள்ளே தடதடவென்று ஓடுகிற சத்தம்.

"ஸ்கூல்காரி வந்துட்டா! நான் இல்லன்னு சொல்லு, டார்சி!"

கிம்மின் அப்பா எல்வுட். ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். திரைக்குக் கீழே இரண்டு பூட்ஸும் பளிச்சென்று தெரிந்தன.

டார்சி தாழ்ந்த குரலில் சொன்னாள். "அம்மா சேத்துக்குப் போனா இவரத் தனியா விட முடியாது மிஸஸ் ஆலி. பழசெல்லாம் இப்ப நடக்குறதா நெனைக்கிறார். போன மாசம் படகெடுக்கப் போறேன்னு தண்ணிக்குள்ள எறங்கிட்டார். படகு ஏது? வித்து எத்தனையோ வருஷமாச்சு."

"ஏன்டி வாயத் தொறக்கல?"

"சொன்னா பேங்கர் டவுன்ல இருக்கிற முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோயிருவாங்க. வருஷம் போனா போகட்டும். தாத்தா போனா திரும்ப வருவாரா?"

லோரீன் திரையைப் பார்த்துச் சொன்னாள். "எல்வுட், டோனட் இருக்கு."

பூட்ஸ் கொஞ்சம் நகர்ந்தது. "அடிப்பீங்களா?"

"மாட்டேன்."

திரும்பி வரும்போது லோரீன், "அட்டவணை சரியாத்தான் சொல்லிச்சு ஈடித். வத்தத்துக்குப் போற ஆளத் தேடினோம், வீட்டுல யாரு காவல்னு கேக்கல" என்றாள். "உன் அடுப்படியில ஒரு நாற்காலி இருக்குமா?"

"வின்ஷிப்புக்குத் தெரிஞ்சா நம்ம ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிருவார்."

"அனுப்பட்டுமே."

மறுநாளிலிருந்து, வற்றம் காலையில் வந்த நாளெல்லாம், லோரீனின் வண்டியில் டார்சியும் வந்தாள், எல்வுட்டும் வந்தார். அவள் வகுப்புக்கு, அவர் என் அடுப்படிக்கு. மீன் சூப்புக்கு உருளைக்கிழங்கு தோல் சீவக் கொடுத்தேன். தோலோடு பாதிக் கிழங்கும் போயிற்று. கிடக்கிறது, கிழங்குதானே.

இப்படி எத்தனை நாள் ஒளிக்க முடியும்? ஒரு மதியம், பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கும்போது, வின்ஷிப் நேராக உள்ளே வந்துவிட்டார். வரிசையில் முதலில் நின்றவள் டார்சி. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"யார் இது? வெளியாள் உள்ள வரக்கூடாதுன்னு தெரியாதா?"

சூப் குடித்துக்கொண்டிருந்த லோரீன் நிதானமாகக் கிண்ணத்தை வைத்தாள்.

"ஸ்கூலுக்கு வராதவங்களக் கூட்டிட்டு வர்றதுதானே சார் என் வேலை? இவர் எல்வுட், டார்சியோட தாத்தா. ஸ்கூலுக்கு வராமப் போயி ஒரு ஆயுசாச்சு. இப்பத்தான் கையில சிக்கினார். இவர் வந்தா டார்சியும் வருவா. இவர வெளிய அனுப்பினா அவளும் போயிருவா."

எல்வுட் எழுந்துவிட்டார். தொப்பியைக் கழற்றினார். ஒரு கையில் பாதி சீவிய கிழங்கு.

"இனிமே கட் அடிக்க மாட்டேன் சார்."

வின்ஷிப் அவரைப் பார்த்தார். டார்சியைப் பார்த்தார்.

"நாளைக்கும் வரணும் எல்வுட். லேட்டா வரக்கூடாது."

டார்சி அழ ஆரம்பித்தாள், தட்டு சாய்ந்து சூப் தரையெல்லாம் கொட்டியது. அழட்டும் என்று விட்டுவிட்டேன். தரையைப் பிறகு துடைத்துக்கொள்ளலாம்.