பாய் தூக்கிய பலகை

காது மந்தம், ஒரு கால் நொண்டி. இப்படிப்பட்டவனை யார் வேவு பார்க்க வந்தவன் என்று நினைக்கப் போகிறார்கள் என்று நம்பிய மடையன் நான். கடலூரில் ஒரு சோப்புக் கம்பெனியில் எனக்கு வேலை. சாதாரண ஆளைப் போலக் கடைகளுக்குப் போய் எங்கள் சோப்பைக் கேட்டு, வேறு சோப்பைத் தலையில் கட்டுகிறார்களா என்று எழுதி அனுப்ப வேண்டும். குட்டு உடைந்தால் வேலை போய்விடும்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் சிதம்பரத்தில் ஒரு பாயின் மளிகைக் கடையில் சோப்பு கேட்டேன். சட்டைப் பையிலிருந்த என் பழைய காது மிஷின் வீலென்று கத்தியது. பாய் அதையே உற்றுப் பார்த்தார். வேவு மிஷின் என்று நினைத்துவிட்டாரோ எனப் பதறிப்போய் அதை அணைத்தேன். அவர் ஏதோ சொன்னார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அடுத்து ஆள் உயரப் பலகை ஒன்றைத் தூக்கினார்.

நான் ஓடிய ஓட்டத்தை டாக்டர் பார்த்திருந்தால் ஊனச் சர்டிபிகேட்டைத் திரும்ப வாங்கியிருப்பார். தெருமுனையில் பாய் என்னைப் பிடித்துவிட்டார். மிஷினைப் போட்டேன்.

“ஜும்மா தொழுகைக்கு நேரமாச்சு, கடை சாத்தணும்னு மூணு தடவை சொன்னேண்ணே. சோப்பை வாங்காம இந்த ஓட்டம் ஓடுறீங்களே” என்றார். கையில் நான் கேட்ட அதே சோப்பு.

இப்போதெல்லாம் மிஷின் என்ன கத்து கத்தினாலும் கடையில் அணைப்பதில்லை. அன்று பாய் தூக்கியது கடையின் கதவுப் பலகை.