அவிழ்க்க வந்த கை

ஜெர்மனியில் மூன்று வயதுப் பிள்ளை இன்னொரு பிள்ளையைக் கடித்தால் வீட்டுக்கு ஒரு தாள் வருகிறது. அதில் ஓர் உடம்பு வரைந்திருக்கும். பல் பட்ட இடத்தில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. கடிபட்ட பிள்ளை யார் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். போன மாதம் என் மகள் மீரா கொண்டுவந்த தாளில் தோளில் ஒரு குறி, முதுகில் ஒரு குறி. எங்கள் ஊர் சிலமலையாக இருந்தால் அந்தப் பிள்ளையின் அம்மா பொழுது சாய்வதற்குள் வாசலில் வந்து நின்று என் ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பாள். தெருவே வேடிக்கை பார்த்திருக்கும், அதோடு முடிந்திருக்கும். இங்கே கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அதற்குத் திட்டு வாங்குவதே தேவலை.

என் அம்மா போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் எடுக்கப் போனவள். விடிவதற்குள் ஜீப்பு வந்துவிடும். வேலைக்குப் போன பெண்களின் பிள்ளைகள், என்னையும் சேர்த்து ஆறு பேரைப் பேச்சியக்கா தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். ஒருமுறை ஒரு பிள்ளை தவழ்ந்துபோய் அவளுடைய கஞ்சி அடுப்பில் கையை விட்டது. விரல்கள் வெந்து ஒட்டிப்போயின. அன்றிலிருந்து ஒவ்வொரு தாயும் பழைய சேலையைக் கிழித்துக்கொண்டு வந்து, தன் பிள்ளையைத் தானே கட்டில்காலில் கட்டிவிட்டுப் போக வேண்டும் என்று ஆனது. “வெரசாக் கட்டுங்கடி, ஜீப்புக்காரன் ஆரன் அடிக்கிறான்” என்று பேச்சியக்கா கத்துவாள். கைக்கு எட்டிய பிள்ளையைப் பிறாண்டினோம், கடித்தோம். அழுதால் அகப்பைக் காம்பால் அடி விழும். சாயங்காலம் அம்மா வந்து குனிந்து முடிச்சை அவிழ்ப்பாள். பகல் முழுக்க அந்தக் கைக்காகத்தான் அழுதிருப்பேன்; அந்தக் கையைத்தான் கடிப்பேன். அவள் அறைவாள். ஏலக்காய் வாசம் அடிக்கும் அறை. நாலு வயது வரை எங்களுக்குள் இருந்த கொஞ்சல் அதுதான். அதற்குப் பிறகு நான் அவளைத் தொட்டுப் பேசியதாக நினைவில்லை.

மீராவை நான் ஒரே ஒரு நாள்தான் கட்டினேன். கீட்டா என்கிற குழந்தைகள் காப்பகம் அன்று மூடியிருந்தது, வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார், எனக்குக் கணினியில் வேலைக்கான நேர்முகம். முந்தின நாள்தான் அவள் கதவைத் திறந்துகொண்டு டிராம் ஓடும் சாலை வரை போயிருந்தாள். துப்பட்டாவால் அவள் காலைச் சோபாக் காலோடு கட்டினேன். யோசிக்கவே இல்லை, கை தானாக முடிச்சுப் போட்டது. அரை மணி நேரம் அடுத்த அறையில் அவள் கதறினாள். நான் சிரித்த முகத்தோடு பதில் சொன்னேன். அவிழ்க்கக் குனிந்தபோது என் கட்டைவிரலுக்குக் கீழே பல்லைப் பதித்தாள். அறைந்தேன். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அடுத்த வாரம்தான் அந்தத் தாள் வந்தது.

பிறகு கீட்டாவின் ஆசிரியை ஆன்கே என்னை அழைத்துக் காட்டினாள். மீரா ஒரு பொம்மையை நாற்காலிக் காலில் கயிற்றால் கட்டி, அதன் கன்னத்தில் அறைந்துகொண்டிருந்தாள்.

“இது உங்கள் ஊர் விளையாட்டா?” என்று ஆன்கே கேட்டாள். பிள்ளைகளை வீட்டிலிருந்து எடுத்துப்போகும் அதிகாரம் உள்ள அலுவலகம் ஒன்று இங்கே உண்டு. அந்தப் பயத்தில் ஆமாம் என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. “மற்றக் குழந்தைகளுக்கும் சொல்லித் தருவீர்களா?”

வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினேன்.

“அவுக்கயில கடிச்சாளா?”

“ஆமாம்மா.”

“கடிச்சா அடிச்சுப்புடாத ஆத்தா. நான் அடிச்சேன்ல, அதான் நீ அம்புட்டுத் தூரம் போயிட்ட.”

படித்து, வேலை தேடி வந்தேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை கீட்டாவில் அதே நாற்காலியில் பொம்மை கட்டியே கிடந்தது. முடிச்சை அவிழ்க்கக் குனிந்தேன். என் கை நீண்டதும் மீரா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். “நைன்” என்றாள். வேண்டாம் என்று சொல்லக்கூட என் மொழி அவளுக்கு வரவில்லை. ஓடிப்போய் ஆன்கேயின் கால்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

“நேற்று நான் சொன்னது பொய்” என்றேன் ஆன்கேயிடம். “ஊர் எங்களுடையதுதான். விளையாட்டு இல்லை.”

அவள் கதவைச் சாத்திவிட்டு எனக்கு ஒரு நாற்காலி போட்டாள். மீரா அவள் கையைப் பிடித்தபடியே நின்றாள். அவிழ்த்த கயிறு என் மடியில் இருந்தது.