ஆள் இருக்கிறான் என்று வாங்கிய ஹோஸ்

கேரவனின் கழிவுத் தொட்டிக்கு ஹோஸ் வாங்கும் வேலையை மகன் என்னிடம் விட்டதற்குக் காரணம் இருந்தது. சவூதியில், ஜுபைலில் ஒரு ரசாயன ஆலையில் இருபத்தாறு வருடம் குழாயும் வால்வும் ஹோஸும்தான் என் பிழைப்பு. காஸ்டிக் சோடா போகும் ஹோஸ் ஒன்றில் பூட்டு ஊசி இல்லை என்பதற்காக ஒரு லாரி சரக்கையே திருப்பி அனுப்பியவன் நான். அதைப் பெருமையாகப் பலமுறை வீட்டில் சொல்லியிருக்கிறேன். இனிமேல் சொல்வதாக இல்லை.

மகனும் அவன் நண்பர்கள் இருவரும் சேர்ந்து பழைய கேரவன் ஒன்றை வாங்கினார்கள். குளிர்காலம் முழுவதும் அது ராஸ் அல் கைமாவில், மலையடிவாரத்து மைதானம் ஒன்றில் நிற்கும். வார விடுமுறையில் துபாயிலிருந்து போய்த் தங்குவோம். உள்ளே படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உண்டு. கழிப்பறையில் போவது அடியில் ஒரு தொட்டியில் சேரும். நிரம்பியதும், தொட்டியின் வாயில் ஹோஸை மாட்டி, மறுமுனையைத் தரையில் இருக்கும் குழியின் வாயில் வைத்து, வால்வை இழுக்க வேண்டும். அதைச் செய்ய மைதானத்தில் ஆள் உண்டு. ஹோஸ் மட்டும் நம்முடையது.

ஷார்ஜாவில் கடைக்காரர் மலையாளி. இரண்டு ஹோஸ்களை எடுத்துப் போட்டார். ஒன்று தடிமனானது. இரண்டு முனையிலும் திருகிப் பூட்டும் வளையம். குழிப் பக்கம் முழங்கை போல வளைந்த துண்டு; குழியின் வாயில் மரையோடு இறுகி உட்காரும். அந்தத் துண்டு கண்ணாடி போலத் தெளிவாக இருந்ததால் உள்ளே ஓட்டம் நின்றதா என்று பார்த்துவிட்டுக் கழற்றலாம். மற்றது மெல்லியது. அக்கார்டியன் போல ஒரு முழத்துக்கு மடங்கும். முனையை அழுத்திச் செருகி ஒரு கிளிப் போட வேண்டும், அவ்வளவுதான். குழிப் பக்கம் யாராவது பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும்.

"சாரே, தடிச்சது எடுத்தோ. லாக் உண்டு. மேல தெறிக்காது," என்றார்.

மகன் போனில் இருந்தான். "அப்பா, லாக்கர்ல இடமே இல்லப்பா. பார்பெக்யூ அடுப்பு, சேர் எல்லாம் அங்கதான் போகணும். சின்னதா மடங்குறதா பாருங்க."

மெல்லியதைக் கையில் எடுத்தேன். பூட்டு இல்லை என்பது தொட்டவுடனே தெரிந்தது. கடைக்காரர் இன்னொரு முறை சொல்ல வாய் திறந்தபோது நான் முந்திக்கொண்டேன். "அதை மாட்ட அங்க ஆள் இருக்கான்."

இந்த வாக்கியத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அமிலம் போகும் ஹோஸ் என்றால் யார் மேல் படும் என்று முதலில் கேட்டவன், என் குடும்பத்து மலம் போகும் ஹோஸுக்கு அந்தக் கேள்வியையே கேட்கவில்லை. ஆலையில் அப்படிக் கேட்க ஒரு விதிப் புத்தகம் இருந்தது. புத்தகம் இல்லாத இடத்தில் என் படிப்பின் லட்சணம் அவ்வளவுதான்.

வெள்ளி மாலை மைதானத்தில் நானே உட்கார்ந்து, தொட்டி வாயில் செருகும் துண்டை ஹோஸின் முனையில் மாட்டிக் கிளிப்பைப் போட்டேன். திருப்புளி இல்லை. ஒரு திர்ஹம் நாணயத்தால் திருகினேன். அந்தப் பக்கமாக வந்த துப்புரவு ஆள் நின்று பார்த்தார். முப்பது வயதிருக்கும். "சாப், ஸ்க்ரூ டிரைவர் சாஹியே?" என்று இந்தியில் கேட்டார். "நஹி, ஹோ கயா," வேண்டாம், முடிந்தது என்றேன். அடுத்த நிமிடம் உள்ளே இருந்த மகனிடம் "டேய், டார்ச்சக் குடு" என்று நான் கத்தியதைக் கேட்டுவிட்டார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"சார் தமிழா? நான் கள்ளக்குறிச்சிப் பக்கம் சார்."

"ஹான், ஹான்," என்று இந்தியிலேயே சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டேன்.

எங்களைப் போன்ற அதிகாரிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. தொழிலாளி தமிழனாக இருந்தால் இந்தியிலேயே பேசு. தமிழில் ஒரு வார்த்தை பேசினால் ஒட்டிக்கொள்வான். லீவுக்குச் சொல்லு, கடிதம் எழுதிக் கொடு என்பான். ஜுபைலுக்குப் போன முதல் மாதத்தில் சீனியர் ஒருவர் சாப்பாட்டு மேசையில் எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் இது. நானும் பின்னால் வந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். விருந்துகளில் தமிழின் அருமை பற்றி மணிக்கணக்கில் பேசிய அதே வாயால்தான்.

சனிக்கிழமை மதியம் தொட்டி நிரம்பிவிட்டது. மூன்று குடும்பங்கள் அல்லவா? அந்தக் கள்ளக்குறிச்சிக்காரர் வந்தார். கையில் சாப்பாட்டுக் கடையில் தரும் மெல்லிய பாலிதீன் கையுறை. தொட்டி வாயில் ஹோஸைச் செருகிவிட்டு, மறுமுனையைக் குழியில் இட்டு, அது எழும்பாமலிருக்க ஒரு காலால் மிதித்தபடி குனிந்து வால்வை இழுத்தார். நான் நாணயத்தால் திருகிய கிளிப் கழன்று, ஹோஸ் பிடுங்கிக்கொண்டது. நிரம்பிய தொட்டியின் வேகம் முழுவதும் அவருடைய முகத்திலும் மார்பிலும் இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டே கையால் தடவி வால்வைத் தேடி அடைத்துவிட்டுத்தான் அவர் பின்னால் விழுந்தார்.

சுற்றி இருந்த எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். "கியா பாய், தேக்கே நஹி கர் சக்தே?" என்று என் மகன் அவரைப் பார்த்துக் கத்தினான். பார்த்துச் செய்யக் கூடாதா என்று, கண் திறக்க முடியாமல் கிடந்த மனிதரிடம்! இரண்டு எட்டில் எங்கள் கேரவனின் குளியலறை இருந்தது. அதில் வெந்நீர் வரும். "உள்ள விட்டுடாதீங்கப்பா, கார்ப்பெட் போயிடும்," என்றான் மகன் என்னிடம். நான் விடவில்லை. குடிதண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்து, கை படாமல், மணலில் உருட்டிவிட்டேன்.

துப்புரவு கம்பெனியின் சூப்பர்வைசர் வந்தார். மணலில் கழிவு கொட்டினால் அவர் எழுதி வைக்க வேண்டும். தவறு ஆளுடையது என்றால் ஆளுக்கு டூட்டி போகும். கேரவன்காரனின் சாமான் பழுது என்றால் அந்த வண்டியை சீசன் முடியும்வரை மைதானத்துக்கு வெளியே எடுத்துவிட வேண்டும். இதை மகன் என் காதில் சொன்னான். "நம்ம ஹோஸ்னு மட்டும் சொல்லிடாதீங்க."

கீழே கிடந்தவர் எழுந்து வந்தார். சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"சார், நீங்க சொல்லுங்க சார். கிளிப் லூசா இருந்துச்சு சார். நேத்து நீங்கதான காசால திருவுனீங்க, நான் பாத்தேன்ல. ஒரு வார்த்த சொல்லுங்க சார், என்னை கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிருவானுங்க."

சூப்பர்வைசருக்குத் தமிழ் தெரியாது. என்ன சொல்கிறான் என்று என்னிடம் கேட்டார்.

"முஜே நஹி மாலும்," என்றேன்.

எனக்குத் தெரியாது. தாய்மொழியில் கெஞ்சிய ஒருவரிடம் இன்னொரு மொழியில் பொய் சொன்னேன். என் வயது எழுபத்திரண்டு.

அடுத்த வாரம் நாங்கள் போனபோது ஒரு நேபாளி வந்தார். அதே ஹோஸ். புதிய கிளிப்பைத் திருப்புளியால் முடுக்கியிருந்தான் மகன். அதோடு அவன் கடமை முடிந்தது. பழைய ஆள் எங்கே என்று கேட்டேன். "சோனாப்பூர் ரூம் மே. டூட்டி மாஃபி. பேப்பர் பன் ரஹா ஹை," என்றார். அதாவது சோனாப்பூர் தொழிலாளர் முகாமில் இருக்கிறார், வேலை இல்லை, ஊருக்கு அனுப்பக் காகிதம் தயாராகிறது.

திங்கட்கிழமை மகனிடம் சொல்லாமல் டாக்ஸி பிடித்து சோனாப்பூர் போனேன். கம்பெனிப் பெயரைச் சொல்லி விசாரித்து அறையைக் கண்டுபிடித்தேன். பகலில் எல்லோரும் டூட்டிக்குப் போயிருக்க, அவர் மட்டும் கீழ்க்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இடது கண் சிவந்து பீளை கட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழவில்லை.

"என்னா சார், இந்தில பேசலாமா, தமிழ்ல பேசலாமா?"

"தப்புப் பண்ணிட்டேன் தம்பி."

"தம்பியா? சரிதான். அன்னிக்கு அந்தாளு கேட்டப்ப தம்பின்னு தெரியலையா?" மேல்கட்டிலில் தொங்கிய துண்டை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டார். "இங்க வந்து மன்னிப்பு கேட்டு நான் என்னா பண்ண? அதக் கொண்டுபோய் ஆபீஸ்ல சொல்லுங்க. வியாழக்கிழமை டிக்கெட் போட்டிருக்கானுங்க. இன்னிக்கே வாங்க."

அதே டாக்ஸியில் இருவரும் போனோம். சூப்பர்வைசர் அலுவலகத்தில் இருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. எழுதிக் கொடுங்கள், 'ஹோஸ் பழுது' என்று போட்டால் போதும் என்றார். ஒரே ஒரு காகிதம். ஒரு மனிதரின் பிழைப்பைப் பறிக்க என் மூன்று சொற்கள் போதுமாக இருந்தன. திருப்பித் தர இரண்டு சொற்கள் போதுமாம். அந்த மனிதர் சொன்னதை ஒன்பது நாளாக ஒருவர்கூடக் காது கொடுத்துக் கேட்கவில்லை. மடிப்புக் கலையாத சட்டை போட்ட கிழவன் சொன்னதும் நாற்காலி வந்தது, டீயும் வந்தது. எனக்கு மட்டும். டீயைத் தொடாமல் எழுந்து நின்று எழுதினேன்.

பழுது என்று எழுதவில்லை. பூட்டு உள்ள ஹோஸைக் கடைக்காரர் காட்டியும் பூட்டில்லாததை நான் வாங்கினேன். கிளிப்பைச் சரியாக முடுக்காதவன் நான். அன்று தெரியாது என்று சொன்னது பொய். கையெழுத்துப் போட்டேன். வண்டியை வெளியே எடுக்க வேண்டும் என்று சூப்பர்வைசர் நினைவூட்டினார். எடுக்கிறோம் என்றேன். மகனுக்கு இன்றுவரை அந்தக் கோபம் இருக்கிறது, இருக்கட்டும்.

காகிதத்தை என்னோடு வந்தவர் பக்கம் நகர்த்தி, நீயும் ஒரு கையெழுத்துப் போடு என்றார் சூப்பர்வைசர். அவர் போடவில்லை.

"மொதல்ல எம்மேல தப்புன்னு எழுதுன அந்தப் பழைய பேப்பரக் கிழிக்கச் சொல்லுங்க சார்."

நான் இந்தியில் சொன்னேன். கிழித்தார்கள். அப்போதும் அவர் பேனாவை எடுக்கவில்லை.

"கண்ணு இன்னும் எரியுது. ஒரு டாக்டர்கிட்டயும் கூட்டிட்டுப் போவல. அதையும் எழுதுங்க."

அது வேறு விஷயம், கம்பெனிக்குச் சிக்கல் வரும் என்று சூப்பர்வைசர் காகிதத்தின் மேல் கையை வைத்தார். அந்தக் கையை நான் விலக்கினேன். கையெழுத்துக்குக் கீழே இடம் இருந்தது. 'இடது கண்' என்று ஆரம்பித்தேன்.