பிள்ளையாருக்குக் கீழே ஒரு சுவிட்ச்

பிள்ளைகளே, நீங்கள் அம்மாவோடு வெஸ்ட்கேட் கடைத்தொகுதியில் சாப்பிட்டுக்கொண்டிருக்க, நான் பக்கத்துப் புறநகரான மாசியில் ஒரு கராஜ் வாசலில் நிற்கிறேன். நம் வீட்டு வண்டியான மோட்டார்ஹோமின் பின்னால் நம் காரை இழுத்துப் போகும்போது அதன் பியூஸைக் கழற்றி வைக்காவிட்டால் பற்றரி இறங்கிவிடும். போய்ச் சேர்ந்த இடத்தில் கார் கிளம்பாது. இனிக் கழற்ற வேண்டாம், ஒரு சுவிட்சே போதும். மெக்கானிக் சிவா அதைக் காருக்குள் பொருத்திப் பூட்டுகிறார்.

“அண்ணை, ஓஃப் பண்ண மறக்கக் கூடாது. எங்க பூட்ட?”

“பிள்ளையாருக்குக் கீழ பூட்டும் தம்பி. கும்பிடாமல் நான் வெளிக்கிடுறேல்லை.”

“இழுபடுற காருக்குள்ளயும் ஏறிக் கும்பிடுவியளோ?”

“ஓம், அதுவும் எங்களோடதானே வருது!”

சிரித்தபடியே, டாஷ்போர்டில் இருக்கும் பிள்ளையாருக்குக் கீழே பூட்டிவிட்டுக் கை கழுவப் போகிறார்.

தனியே காருக்குள் இருந்து கும்பிட்டுப் பார்க்கிறேன். பிள்ளையாரைத் தொட்டு இறங்கும் விரல் தானாகவே சுவிட்சில் வந்து நிற்கிறது.