வாடகைக்கு எடுத்த நாலு டயர்

அன்றைக்கு இந்த விஷயத்தில் சம்பந்தப்பட்டவர்கள் நாலே பேர். நான், என் வீட்டுக்காரர், நல்லம்பள்ளி ரோட்டில் டயர் கடை வைத்திருப்பவர், ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டி பார்க்கிற பிரேக் இன்ஸ்பெக்டர். வேறு யாருமில்லை. பிற்பாடு இந்த விஷயத்தைப் பேசிச் சிரித்த டிரைவர்களில் பாதிப் பேர் தாங்களும் பக்கத்தில் நின்றதாகச் சொல்லிக்கொண்டார்கள். அதனால்தான் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

எங்களிடம் இருப்பது பழைய மஞ்சள் போர்டு கார் ஒன்று. அதை ஓட்டித்தான் சாப்பாடு. வருஷா வருஷம் ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டி, ஓடத் தகுதியானது என்று எஃப்.சி. தாள் வாங்க வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் சவாரி ஏற்றினால் பிடித்துக்கொள்வார்கள். பிரேக், விளக்கு, ஹாரன் எல்லாம் பார்ப்பார்கள் என்றாலும் முதலில் குனிந்து பார்ப்பது டயரைத்தான். டயர் மேல் பட்டன் பட்டனாக மேடு இருக்கும், இடையில் பள்ளம் ஓடும். அந்தப் பள்ளத்துக்குள்ளேயே அங்கங்கே ஒரு குட்டி மேடு வைத்துச் செய்திருப்பார்கள். பட்டன் தேய்ந்து தேய்ந்து அந்தக் குட்டி மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் டயர் முடிந்தது என்று அர்த்தம்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இதெல்லாம் பயத்தில் தெரிந்துகொண்டது. வீட்டுக்காரருக்கு வாரத்தில் இரண்டு மூன்று சவாரி சேலம் ஆஸ்பத்திரிகளுக்கு இருக்கும். சேலம் என்றால் வழியில் தொப்பூர் மலை இறக்கம். அங்கே லாரி கவிழ்ந்தது, கார் நசுங்கியது என்று பேப்பரில் வராத வாரம் குறைவு. காலையில் வாசல் கூட்டும்போது விளக்குமாற்றைச் சாத்திவிட்டு நாலு டயரையும் தடவிப் பார்ப்பது என் பழக்கம். அந்த வருஷம் மழைக்காலம் தொடங்கியபோது விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

“ஏங்க, நாலும் மொழுமொழுன்னு இருக்குதுங்க” என்றேன்.

“எஃப்.சி. அன்னிக்கி நல்ல டயரு போட்டுக்கலாம் புள்ள.”

அன்றைக்கு மட்டும் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. எங்கள் பக்கம் டாக்சி வைத்திருக்கிறவர்களுக்கு இது தெரிந்த ஏற்பாடுதான். டயர் கடையில் ஒரு செட் நல்ல டயர் தனியாக இருக்கும். காலையில் அதை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போவார்கள். வண்டி பாஸானதும் கழற்றிக் கொடுத்துவிட்டு, அதற்கு ஒரு வாடகையும் கொடுத்துவிட்டு, பழைய டயரோடு வீட்டுக்கு வருவார்கள். தாள் ஒரு வருஷத்துக்குச் செல்லும். டயர் அரை நாளைக்கு.

“நானும் வர்றேன்” என்று ஏறி உட்கார்ந்துகொண்டேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. வீட்டில் இருந்தாலும் இதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன்.

கடைக்காரர் ஜாக்கி போட்டுத் தூக்கி, நாலையும் மாட்டினார். தடவிப் பார்த்தேன். பட்டன் ஒவ்வொன்றும் விரலைத் தடுத்தது.

“புதுசாண்ணா?”

“எங்க புதுசுக்கா. வாங்கி நாலு வருசமாச்சு. இந்த செட்டு ஓடுனதெல்லாம் என் கடைக்கும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும்தான். எங்க தேயும்?”

என் வீட்டுக்காரர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. தர்மபுரி ஆபீசுக்குப் போகும் வழியில் அந்தச் சிரிப்பு அடங்கி வேறு என்னவோ ஆனது. எத்தனை வண்டியைப் பாஸாக்கிய டயர். ஒரு தடவைகூட மழையில் தொப்பூர் இறங்கியதில்லை. அங்கே இறங்குகிற டயரையோ ஒருத்தரும் குனிந்து பார்ப்பதில்லை. மறுநாள் காலையில் சேலத்துக்கு ஒரு சவாரி பேசி வைத்திருந்தார். வானம் மழை மோடம் போட்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு டயர் முன்னாலும் குனிந்தார். கடைசி டயரில் பக்கவாட்டில் கடைக்காரர் அடையாளத்துக்குத் தீற்றிய நீலப் பெயிண்டை விரலால் தொட்டார்.

“இந்த டயர எங்கயோ பாத்த மாதிரி இருக்குதே.”

“எல்லாம் ஒரே மாதிரிதானுங்க சார் இருக்கும்” என்றார் என் வீட்டுக்காரர்.

“சரி, ஸ்டெப்னிய எடுங்க.”

அதைத்தான் மறந்திருந்தோம். கடைக்காரர் வாடகைக்கு விடுவது நாலுதான். ஐந்தாவது டயர் டிக்கியில் எங்கள் சொந்த டயராகக் கிடந்தது. வெளியே எடுத்துப் போட்டதும் ரப்பர் தேய்ந்து உள்ளே நூல் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் அதையும் பார்த்தார், மாட்டியிருந்த நாலையும் பார்த்தார்.

“இது ஒண்ணுதான் உங்களுது. இல்லீங்களா?”

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். “ஸ்டெப்னி மாத்திக் கொண்டாந்து காட்டிடறேனுங்க சார். நாளைக்கி சவாரி இருக்குது.”

இன்ஸ்பெக்டர் யோசித்தார். ஒரு நல்ல ஸ்டெப்னி கொண்டுவந்தால் விட்டுவிடுவார் போலத்தான் இருந்தது. அந்த நேரத்தில் என் வாய் திறந்துகொண்டது.

“உட்டுடாதீங்க சார். சாயங்காலமே மொட்டை டயர மாட்டிக்கிட்டு நாளைக்கி தொப்பூர் எறங்கிருவாருங்க.”

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் தாளை எடுத்து, வண்டி பாஸாகவில்லை என்று எழுதினார். சொந்தமாக ஐந்து டயர் போட்டு, வாங்கிய பில்லோடு வரச் சொல்லிவிட்டார்.

வரும் வழியில் தூறல் பிடித்தது. ஊர் எல்லை வந்ததும்தான் சொன்னார்.

“ஊருல பொண்டாட்டிங்க புருசன் குடிக்கிறான்னு போயிச் சொல்லுவாளுங்க. நீ டயரச் சொல்லியிருக்கற.”

டயரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் விஷயம் கேட்டுத் தலையில் கை வைத்தார். “எம் பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டீங்களேக்கா. அவரு கண்ணுல பட்டுருச்சு. இனி இந்த செட்டு அந்தப் பக்கம் தலை காட்ட முடியாது.”

சேலம் சவாரி வேறு டிரைவருக்குப் போனது. கார் வாசலிலேயே நின்றது. தொப்பூர் பயம் போய் அரிசிப் பயம் வந்தது. நான் செய்தது சரியா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் உறுதியாகத் தெரியவில்லை. ஒரு மனுஷனை அவர் வேலைக்கு நடுவில், இன்னொரு ஆள் முன்னால் தலைகுனிய வைத்தேன். அது அவருக்கு எத்தனை நாள் வலித்தது என்று நான் கேட்டதில்லை.

வாடகைக்கு வழி அடைபட்டுப் போனதால் கடைக்காரரே இறங்கி வந்தார். எங்கள் கையில் இருந்த ஐயாயிரத்தை வாங்கிக்கொண்டு ஐந்து டயரும் கடனுக்குப் போட்டுக் கொடுத்தார். பில்லில் கையெழுத்துப் போடும்போது, “அக்கா சாட்சியா இருக்கறப்ப எனக்கென்ன கவலை” என்று குத்தினார். வண்டி பாஸானது.

இப்போது மழை நாளில் அவர் சேலம் கிளம்பினால் பழையபடி பயமாகத்தான் இருக்கிறது. நல்லபடியாகத் திரும்பி வருகிறார். டயரால் வந்தாரா, சும்மாவே வந்திருப்பாரா, யாருக்குத் தெரியும். நடக்காமல் போனதை எதை வைத்துக் காட்டுவது. போன வாரம் வாசல் கூட்டும்போது அவரே வந்து பக்கத்தில் குந்தி, முன் டயரில் விரலை வைத்து, “இன்னும் நெறைய இருக்குது பாரு” என்றார். தடவிப் பார்த்தேன். இருந்தது. கடைக்காரருக்கு மாதாமாதம் கொடுத்து வருகிறோம். பாக்கி இன்னும் ஆறாயிரத்து நானூறு ரூபாய்.