எல்லா பஸ்ஸும் நின்றுபோன கணக்கு

பதினோரு மணிக்கு என் ஆராய்ச்சி கைடு முன்னால் ரிவ்யூ. திருவான்மியூரில் பஸ் ஏறி, மடியில் லேப்டாப்பைத் திறந்து கணக்கைக் கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன்.

மாநகர பஸ்களை ‘ஓட்டம்’, ‘பழுது’ என்று இரண்டே நிலைகளாக வைத்து இன்றைய நிலையிலிருந்து நாளை எந்த நிலைக்குப் போகும் என்ற வாய்ப்புகளைச் சொல்லும் ஒரு மார்க்கோவ் சங்கிலி கட்டியிருந்தேன். நாள் போகப் போக எல்லா பஸ்ஸும் பழுதாகிவிடும் என்கிறது மென்பொருள். ஒன்றுகூட மிச்சமில்லை.

டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் எட்டிப் பார்த்தார். “இன்னாமா, காலைலயே மூஞ்சி இப்டி கீது?”

சொன்னேன். சிரித்தார். “நின்ன வண்டி நின்னுகினே இருக்குமா? பத்துல ஒம்போது மறுநாளே ரெடியாகி ரோட்டுக்கு வந்துடும்மா.”

அப்போதுதான் உறைத்தது. ‘பழுது’ வரிசையில் உள்ள வாய்ப்புகளைக் கூட்டினால் ஒன்று வரவில்லை என்று மென்பொருள் கத்திக்கொண்டே இருந்ததால், போன வாரம் ‘பழுதிலிருந்து பழுதுக்கு 1’ என்று தட்டி அதன் வாயை அடைத்திருந்தேன். மாற்ற மறந்துவிட்டேன். பழுதான பஸ் வெளியே வர வழியே வைக்கவில்லை.

அடையாறு சிக்னலில் ‘பழுதிலிருந்து ஓட்டத்துக்கு 0.9, பழுதுக்கு 0.1’ என்று திருத்தினேன். பஸ்கள் ஓடின.

இப்போது கைடு அறை வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். “இந்த 0.9 எங்கேர்ந்து வந்துச்சு?” என்றுதான் முதலில் கேட்பார். கண்டக்டர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அவர் கொடுத்த டிக்கெட் மட்டும் கையில் இருக்கிறது.

ஆதாரப் பட்டியலில் பஸ் டிக்கெட்டை எப்படிப் போடுவது? சீக்கிரம் சொல்லுங்கள், உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்கிறது.